வெள்ளி அயோடைடா, காரீய ஃபுளோரைடா: சூடான படிகத்தில் அயனி ஓடும் இரு வழிகள்

சில படிகங்கள் திடமாக இருக்கும்போதே, உருகிய உப்பைப் போல அயனிகளை ஓடவிடும். சூப்பர் அயானிக் படிகங்கள் என்று இவற்றுக்குப் பெயர். ஒரு வகை அயனி சட்டகமாக நிற்கும், இன்னொரு வகை ஓடும். ‘பாதி உருகிய திடப்பொருள்’ என்று பலரும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த வரி வெள்ளி அயோடைடுக்கு ஓரளவு சரி. காரீய ஃபுளோரைடுக்கு அது ஒத்துவராது என்பேன்.

முதலில் வெள்ளி அயோடைடு. 147 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இதன் அயோடைடு அயனிகள் பொருள் மைய கனசதுரமாக, அதாவது கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அயனி நிற்கும்படி, மாறி அடுக்கிக்கொள்கின்றன. அதே கணம் மின்கடத்துதிறன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு எகிறி, சென்டிமீட்டருக்கு 1 சீமென்ஸைத் தாண்டுகிறது. 1914இலேயே ட்யூபாண்ட், லோரன்ஸ் என்ற வேதியியலாளர்கள் இதை அளந்துவிட்டார்கள். காரணம் இடவசதி. படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டியான ஓர் அலகுக் கூட்டில் வெள்ளி அயனிகள் இரண்டுதான், அவை உட்காரத்தக்க நான்முகிக் குழிகளோ (நான்கு அயனிகள் சூழ்ந்த இடைவெளிகள்) பன்னிரண்டு. இசை நாற்காலி விளையாட்டில் ஆளைவிட நாற்காலி ஆறு மடங்கு இருந்தால் எப்படியோ அப்படி. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் ஒரு முக்கோண முகத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாண்ட வேண்டிய தடை வெறும் 0.1 எலக்ட்ரான் வோல்ட் அளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், சுமார் 555 டிகிரியில் இது நிஜமாகவே உருகும்போது கடத்துதிறன் கூடுவதில்லை, கொஞ்சம் குறைகிறது! என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றமும் உருகும்போது ஏற்படுவதைவிட 147 டிகிரியில்தான் அதிகம். ‘பாதி உருகல்’ என்ற பேச்சுக்கு இங்கே ஆதாரம் உண்டு. ஆனாலும் வெள்ளி திரவம்போல எங்கும் பரவிக் கிடப்பதில்லை. பெரும்பாலும் அந்த நான்முகிக் குழிகளில் தங்கித்தான் தாவுகிறது.

காரீய ஃபுளோரைடின் கதை வேறு. சூடேற்றினால் இது மின்சாரம் கடத்துவதை 1830களில் ஃபாரடே கவனித்தார். ஃபுளோரைட் என்ற கனிமத்தின் பெயரால் அழைக்கப்படும் இதன் அமைப்பில் ஓர் அலகுக் கூட்டுக்கு எட்டு நான்முகிக் குழி, எட்டு ஃபுளோரைடு அயனி. காலி நாற்காலியே கிடையாது. ஓர் அயனி தன் இடத்தைவிட்டு இடுக்குக்குள் நுழைந்தால்தான், அதாவது ஃபிரெங்கல் குறைபாடு உண்டானால்தான், மற்றது நகர முடியும். அதனால் இங்கே திடீர்ப் பாய்ச்சல் இல்லை. கடத்துதிறன் தொடர்ச்சியாக ஏறி, 430 டிகிரியை ஒட்டி வெப்ப ஏற்புத்திறன் (ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம்) ஒரு மேடு கட்டி இறங்கும். அதற்கு மேல் ஏற்றம் மட்டுப்படும். காரீயச் சட்டகம் மாறுவதே இல்லை.

கூட்டின் நடுவே இருக்கும் பெரிய எண்முகிக் குழிதான் (ஆறு காரீய அயனிகள் சூழ்ந்த இடைவெளி) வழி என்று முதலில் நினைத்தார்கள். நியூட்ரான் சிதறல் ஆய்வுகளும் கணினிப் பாவனைகளும் அதைப் பொய்யாக்கின. அங்கே அயனி தங்குவதில்லை. ஒன்று நகர, பின்னால் இருப்பது அந்த இடத்துக்கு வர, சங்கிலிபோலச் சேர்ந்தே நகர்கின்றன. எந்தக் கணத்திலும் இடம் மாறிக் கிடப்பவை சொற்பம். இதை உருகல் என்பது எனக்கு உவப்பாக இல்லை.

சரி, எது மேல்? குறைந்த வெப்பநிலையில் வேகம் வேண்டுமானால் வெள்ளிதான். ருபிடியம் சேர்ந்த அதன் உறவினர் ஒன்று அறை வெப்பநிலையிலேயே நன்றாகக் கடத்தும். ஆனால் கவனித்துப் படிக்க வேண்டியது ஃபுளோரைட் குடும்பத்தை. கால்சியம் ஃபுளோரைடு சுமார் 1150 டிகிரியில் இதே வழிக்கு வருகிறது. அணு உலை எரிபொருளான யுரேனியம் டை ஆக்சைடும் இதே அமைப்புதான், அதில் ஓடுவது ஆக்ஸிஜன். 2400 டிகிரியை ஒட்டி, உருகுவதற்குச் சில நூறு டிகிரி முன்பே, அது இந்த நிலையை எட்டி வெப்ப ஏற்புத்திறனில் அதே மேட்டைக் காட்டுகிறது. விபத்தில் எரிபொருள் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்று கணக்கிடுபவர்கள் அந்த மேட்டையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.