டெஷூட்ஸ் ஆற்றில் ஸ்டீல்ஹெட்: 11 கைடு நாள், 4 மீன்

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2017-லிருந்து அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து டெஷூட்ஸ் ஆற்றுக்கு ஸ்டீல்ஹெட் பிடிக்க கைடு வைத்துப் போனது மொத்தம் 11 நாள், கரைக்கு வந்தது 4 மீன், மாட்டிவிட்டுக் கழன்றது 3. ஒரு நாளுக்கு 600 டாலருக்கு மேல், டிப்ஸ் தனி. நண்பர் ஒருவரோடு பாதிப் பாதி போட்டுக்கொள்வேன், ஆனாலும் வீட்டில் இந்தக் கணக்கை இதுவரை முழுசாகச் சொன்னதில்லை.

ஸ்டீல்ஹெட் தனி இனம் கிடையாது, கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பி வரும் ரெயின்போ ட்ரவுட்தான். இந்தப் பக்கத்து மீன்கள் கோடையில் கொலம்பியா ஆற்றில் ஏறி வந்து அடுத்த வசந்தத்தில்தான் முட்டையிடும், அதுவரை பெரிதாக எதையும் தின்னாது. பசியில்லாத மீனின் முன்னால் முள்ளில் கட்டிய இறகை ஆட்டிக் கடிக்க வைக்கப் பார்க்கிறோம். அதனால்தான் ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று பெயர் வாங்கியிருக்கிறது. சும்மா சொல்லவில்லை, என் முதல் மூன்று நாளில் ஒரு தொடல்கூட இல்லை.

அந்த மூன்று நாளும் வீணா என்றால் இல்லை. டெஷூட்ஸில் படகில் இருந்தபடி மீன் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்காது, படகு போக்குவரத்துக்கு மட்டும், இறங்கி நின்றுதான் வீச வேண்டும். கரை முழுக்க ஆல்டர் மரம், பின்னால் வீச இடமே இருக்காது. அதற்காகத்தான் இரண்டு கையால் பிடிக்கும் 13 அடி ஸ்பே கோல், நூலை முதுகுக்குப் பின்னால் நீட்டாமல் தண்ணீரிலேயே சுழற்றிப் போடலாம். வீடியோ பார்த்து இதைக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சீசனை வீணடித்தேன். பக்கத்தில் நின்ற கைடு என் வலது கையை மெதுவாக அமுக்கி, “இதைச் சும்மா வை, கீழ்க் கையால் இழு” என்று சொன்னதும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.

அப்புறம் இந்தச் சுண்டும் பழக்கம். சின்ன வயதில் வாய்க்காலில் மண்புழுவும் தக்கையும் வைத்துக் கெண்டை பிடித்தவன் நான், தக்கை அமுங்கினால் கை தானாகச் சுண்டும். இங்கே அதுதான் தப்பு. ஃப்ளை, அதாவது அந்த இறகு கட்டிய முள், நீரோட்டத்தில் குறுக்காக அரைவட்டம் போட்டு வரும்போது மீன் கவ்வித் திரும்பும், அது திரும்பி ரீலிலிருந்து நூலை இழுக்கும் வரை கை அசையக் கூடாது, அப்போதுதான் முள் வாயோரத்தில் பதியும். கழன்ற மூன்றில் இரண்டு நான் சுண்டியதால் போனவை. மூன்றாவது தடவை கைடு “கையைப் பாக்கெட்டில் வை” என்று கத்தினார், நிஜமாகவே இடது கையை வேடர் (தண்ணீரில் நிற்கப் போடும் நனையாத கால்சட்டை) பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றேன். முதல் மீன் அப்படித்தான் கரைக்கு வந்தது.

எல்லா கைடும் இப்படி இல்லை. 2019-ல் வந்த ஒருவர் எங்களை ஒரே மடுவில் காலையிலிருந்து மதியம் வரை நிறுத்திவிட்டுப் படகில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்கு மேல் வெயில் ஏறித் தண்ணீரில் நேராக விழுந்துவிட்டால் ஸ்டீல்ஹெட் கடிப்பது குறைந்துவிடும், இருட்டு பிரியும் நேரமும் நிழல் விழும் மாலையும்தான் காசு. அதைத் தெரிந்தும் விட்டவர். அதே நாள் பாசி பிடித்த கல்லில் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தேன், ஆணி வைத்த பூட்ஸ் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. ஊன்றுகோலும் நான்தான் கேட்டு வாங்கினேன்.

2021-ல் மீன் வரவு படுமோசம், இலையுதிர்காலத்தில் டெஷூட்ஸில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதையே மூடிவிட்டார்கள். என் முன்பணத்தை அப்போதைய கைடு கேட்காமலே திருப்பி அனுப்பினார். அதற்கு மறு வருடத்திலிருந்து அவரைத் தவிர வேறு யாரிடமும் போகவில்லை. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால், சட்டம் தடுக்காவிட்டாலும், அன்றைக்கு நூலைச் சுருட்டச் சொல்லிவிடுவார், ஏனென்றால் சூடான தண்ணீரில் போராட வைத்து விட்ட மீன் நீந்திப் போனாலும் பிறகு செத்துப்போகலாம். அரை நாள் காசு போச்சே என்று எனக்கு ஒருமுறை எரிச்சல் வந்தது உண்மை.

நாலு மீனில் மூன்று காட்டு மீன், அதாவது ஆற்றிலேயே பிறந்தவை, முதுகின் கடைசியில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்படாமல் இருந்ததால் தண்ணீரை விட்டுத் தூக்காமலே விட்டுவிட்டோம். ஒன்று பண்ணையில் பொரித்து விட்ட மீன், அடையாளத்துக்காகத் துடுப்பு வெட்டியது, வீட்டுக்கு வந்தது. புளிக்குழம்புக்கு ஒத்துவரவில்லை, வறுத்தது பரவாயில்லை.

புதிதாகப் போகிறவர்கள் முதல் இரண்டு வருடம் கைடு இல்லாமல் போகவே வேண்டாம், அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு நாள் போதும். பேசும்போது எத்தனை மீன் கிடைக்கும் என்று கேட்காதீர்கள், தண்ணீர் சூடானால் என்ன செய்வீர்கள், ஆற்றை மூடினால் முன்பணம் என்ன ஆகும், இதை மட்டும் கேளுங்கள். நான் இந்த அக்டோபருக்கு ஒரு நாள் சொல்லி வைத்திருக்கிறேன். இடது கைக்கு வேடரில் பாக்கெட் ரெடி.