பெருமாள்மலை போதி ஜென்டோ: முட்டிக்கு முதல் பாடம், மனசுக்கு அப்புறம்

போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையத்துக்குப் போக, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பேருந்தில், பழனி சாலை பிரிகிற பெருமாள்மலையிலேயே இறங்கிவிடுங்கள். தெரியாமல் கொடைக்கானல் வரை போனால் சீசன் நெரிசலில் திரும்பி வருவதற்குள் பொழுது போய்விடும். இயேசு சபைத் துறவியும் ஜென் என்ற பௌத்தத் தியான மரபின் ஆசிரியருமான அமா சாமி 1996-இல் தொடங்கிய மையம் இது. அவர் ஜப்பானில் யமதா கோவுன் என்ற ஜென் ஆசிரியரிடம் பயின்றவர். ரிசார்ட் நினைப்பில் போகிறவர்களுக்கு ஒத்துவராது. வெறுமனே உட்காருவதுதான் இங்கே வேலை; நடுவில் காய் நறுக்குவது, பெருக்குவது போன்ற உடலுழைப்பும் உண்டு, அதையும் பேசாமல்தான் செய்ய வேண்டும்.

ஒரு அமர்வு 25 நிமிடம். புதிதாக வருபவரைச் சோதிப்பது மனம் அல்ல, முட்டிதான். வட்டத் திண்டின் நடுவில் அமுங்கி உட்கார்ந்தால் தொடை நரம்பு நசுங்கிக் கால் மரத்துப்போகும். முன் விளிம்பில், மூன்றில் ஒரு பங்கில் மட்டும் உட்காருங்கள். இரண்டு முட்டியும் தரையைத் தொட வேண்டும். தொடவில்லையா, திண்டு உயரம் போதவில்லை; கீழே ஒரு போர்வையை மடித்துப் போடுங்கள். அப்படியும் முடியாதவர்கள் மண்டியிட்டு அமரும் குட்டிப் பலகைக்கு மாறலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கண்ணை மூடக்கூடாது. பாதி திறந்து, மூன்றடி தள்ளித் தரையில் பார்வையை விட வேண்டும். மூடினால் கனவு தொடங்கிவிடும். இடது கை வலது கையின் மேல், கட்டைவிரல் நுனிகள் ஒட்டியும் ஒட்டாமலும். இது நல்ல அளவுகோல்: விரல்கள் சரிந்தால் தூக்கம், அழுத்தினால் இறுக்கம். மூச்சு வெளியேறும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று பத்து வரை எண்ணி மறுபடி ஒன்று. பதினாலில் போய் நிற்பது எல்லோருக்கும் நடப்பது. மனசைத் திட்டாமல் ஒன்றுக்குத் திரும்புங்கள். எண்ணங்களை விரட்டப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. விரட்டுவதும் இன்னொரு எண்ணம்.

அமர்வு முடிந்ததும் சட்டென எழாதீர்கள். மரத்த காலை ஊன்றினால் கணுக்கால் பிசகும். உணர்ச்சி திரும்பியபின் எழுந்து, அமர்வுகளுக்கு நடுவே எல்லோரும் நடக்கும் மெதுநடைத் தியானத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

மலைக் குளிருக்குச் சால்வையை முட்டியும் மறையும்படி போர்த்துங்கள். சரசரக்கும் ஜெர்கின் வேண்டாம், அந்த அமைதியில் அது பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு. முன்கூட்டியே எழுதிக் கேட்டு இடம் உறுதியான பிறகு கிளம்புங்கள். முதல் தடவை என்றால் குறைந்தது நான்கு நாளாவது கேளுங்கள். இரண்டு நாள் முட்டிவலிக்கே போய்விடும்.