‘ஐசொலேட்டட்’ என்று விற்கப்படும் அவுட்புட் போட்: காசு கொடுக்க முன் சோதித்துப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஐஸ் தொழிற்சாலை, அரிசி ஆலை, தண்ணீர்ப் பம்பு என்று கொன்ட்ரோல் பனல் வேலை செய்பவர்கள் இதை அவசியம் வாசியுங்கள். ஓடருக்குச் சேர்கிட் போட் செய்து கொடுக்கும் ஒருவரிடம் நான் வாங்கிய, ‘ஐசொலேட்டட்’ (இரண்டு பக்கத்துக்கும் இடையே மின்தொடுப்பு இல்லாதது) என்ற 8 வழி டிஜிட்டல் அவுட்புட் மொடியூல் பற்றியது.

கரையோரத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலை. பிஎல்சியில் (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) இருந்த அவுட்புட்டுகள் போதவில்லை. 24 வோல்ட் சொலினொயிட் (மின்காந்த) வால்வுகளையும் கொன்டாக்டர் (மோட்டர் போன்றவற்றுக்கான மின்காந்த சுவிட்ச்) கொயில்களையும் 0 வோல்ட் பக்கத்தில் சுவிட்ச் பண்ணும் மொடியூல் தேவைப்பட்டது. பிஎல்சிப் பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் தொடுப்பே இருக்கக்கூடாது, சப்ளையும் தனித்தனி என்று எழுதியே கொடுத்தேன். “அதெல்லாம் செய்து தாறன் தம்பி” என்றார். அரைவாசிக் காசை முற்பணமாகவும் வாங்கிக்கொண்டார்.

பூட்டிய சில நாட்களிலேயே, கொம்பிரசர் கொன்டாக்டர் விடும்போதெல்லாம் பிஎல்சி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. பிறகு ஒருநாள் இரவு குளிரூட்டித் திரவம் போகும் குழாயின் சொலினொயிட் வால்வு மூடவில்லை. போட்டில் லைட் அணைந்துவிட்டது, வால்வோ திறந்தபடி. அந்தத் திரவம் கொம்பிரசருக்குள் போயிருந்தால் இயந்திரமே உடைந்திருக்கும். இரவு வேலையில் நின்ற பொடியன் கையால் வால்வைப் பூட்டியபடியால் தப்பியது.

கழற்றிப் பார்த்தால், மேலே எட்டு பிசி817 ஒப்டோ கப்ளர் (மின்தொடுப்பு இல்லாமல் ஒளி மூலம் சிக்னலைக் கடத்தும் சிப்பு) வரிசையாக அழகாக இருக்கிறது. ஆனால் அவற்றின் பிஎல்சிப் பக்கத்துக்கு 5 வோல்ட் எங்கிருந்து வருகிறது? வெளிப்பக்க 24 வோல்டிலிருந்து, ஓர் எல்எம்2596 வழியாக! அது வோல்டைக் குறைக்கும், பிரிக்காது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே கிரவுண்ட்தான். ஒப்டோக்களுக்கு அடியிலும் கிரவுண்ட் செப்புத் தகடு ஒரே விரிப்பாக ஓடுகிறது. பாலத்தைக் கட்டிவிட்டு ஆற்றை மூடிய மாதிரி. 5000 வோல்ட் தாங்கக்கூடிய ஒப்டோவைப் போட்டு என்ன பயன்?

அடுத்தது, கொயில்களை சுவிட்ச் பண்ணும் யுஎல்என்2803 சிப்பு. அதன் 10ஆவது காலைக் கொயில் சப்ளையின் 24 வோல்டுக்குத் தொடுக்க வேண்டும்; அப்போதுதான் உள்ளே இருக்கும் டயோட்கள் கொயில் விடும்போது வரும் உயர் வோல்ட் அடியைப் பிடிக்கும். இதில் அந்தக் கால் எங்கும் போகவில்லை. 50 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறையும் அடி வாங்கி, கடைசியில் சோர்ட் ஆகியிருக்கிறது. வால்வு திறந்தே நின்றது அதனால்தான்.

பெட்டியில் ‘ஒரு வழிக்கு 500 மில்லி அம்பியர்’ என்று ஒட்டியிருந்தார்கள். அது ஒரு வழி மட்டும் ஓடும்போது. 350 மில்லி அம்பியரிலேயே ஒரு வழியில் ஏறக்குறைய அரை வோட் சூடாகும். எட்டும் சேர்ந்தால் அந்தச் சின்னச் சிப்பு தாங்காது.

போட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். “ஒப்டோ போட்டிருக்குத்தானே தம்பி, பிறகென்ன? மின்னல் அடிச்சிருக்கும்” என்றார். அந்த வாரம் ஒரு துளி மழையும் இல்லை. சேர்கிட் வரைபடம் கேட்டேன், தரமாட்டாராம். காசும் திரும்பி வரவில்லை. கோபம் காசுக்காக மட்டுமல்ல. அந்த ஐஸை நம்பித்தான் விடிய மீன் கொண்டுவருகிறார்கள்.

மிச்சக் காசு கொடுக்க முன் போட்டைப் பனலிலிருந்து தனியே எடுத்து, சப்ளை எதுவும் இல்லாமல், இரண்டு பக்க 0 வோல்ட் டெர்மினல்களுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். பீப் சத்தம் கேட்டால் வாங்காதீர்கள். பனலில் வைத்தே பார்த்தால் வெளி வயரிங் மூலம் சேர்ந்திருக்கலாம், அதனால்தான் தனியே எடுக்கச் சொல்கிறேன். மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பக்க டெர்மினல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டு 500 வோல்டில் பாருங்கள்.

இதே மாதிரி போட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், 10ஆவது காலை உடனே 24 வோல்டுக்கு இழுத்துவிடுங்கள். எல்எம்2596இன் தொடுப்பை வெட்டி, பிஎல்சிப் பக்கத்துக்கு வேறு 5 வோல்ட் சப்ளை கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அடியில் செப்பு விரிப்பு அப்படியே இருப்பதால், பழைய கிரவுண்டும் சேர்ந்தேதான் இருக்கும். அந்த போட்டை மாற்றத்தான் வேண்டும்.