டெபியன் மிரர்: வெறும் ஆர்சிங்க்கா, எஃப்டிபிசிங்க்கா?

டெபியன் லினக்ஸின் மென்பொருள் பொதிகளை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கும் சர்வர்தான் மிரர். அதைப் புதுப்பிக்க, கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) ஒரே வரியாக ஆர்சிங்க் (கோப்புகளை ஒத்திசைக்கும் கருவி) போடுவது சுலபம்தான். சிக்கல் வரிசையில் இருக்கிறது. ஆர்சிங்க் கோப்புகளை அகர வரிசையில் எடுப்பதால் பொதிப் பட்டியல்கள் இருக்கும் 'டிஸ்ட்ஸ்' அடைவு, பொதிகள் இருக்கும் 'பூல்' அடைவுக்கு முன்பே வந்துவிடும். அதாவது, புதிய பட்டியல் வந்திருக்கும். அதில் சொன்ன டெப் கோப்பு, அதாவது பொதி, இன்னும் வந்திருக்காது. அந்த நேரம் பார்த்து யாராவது ஆப்ட் அப்கிரேட் (பொதிகளைப் புதுப்பிக்கும் கட்டளை) அடித்தால் 404, கோப்பு இல்லை என்ற பிழைதான்.

டெபியன்காரர்களே மிரர்களுக்காக எழுதிய எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்ட் இதை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது: முதலில் பொதிகள் மட்டும், எதையும் அழிக்காமல், அப்புறம் இரண்டாவது கட்டத்தில் பட்டியல்கள், அதன் கடைசியில் பழையதை நீக்குவது. பழசும் புதுசும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருப்பதால் வட்டில் கூடுதல் இடம் வேண்டும். பொது மிரர் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். நாலைந்து கணினிக்கு மட்டும் என்றால் மிரரே வேண்டாம், ஒருமுறை இறக்கிய பொதியைச் சேமித்து வைத்து மற்ற கணினிகளுக்கும் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போதும்.