தேக்கில் ஆணி ஓட்டை: தூள்-பசையா, பட்டியா, மெழுகா?

பழைய தேக்கு மேசையைத் தேய்த்து வால்நட் ஸ்டெயின் (மரத்துக்குள் இறங்கி நிறமேற்றும் திரவம்) அடித்தேன். மரமெல்லாம் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆணி ஓட்டை அடைத்த ஐந்து இடங்கள் மட்டும் தேமல் மாதிரி வெளிறி நின்றன.

நான் அடைத்தது, அதே மேசையின் தூளோடு மரப்பசையைக் குழைத்த விழுது. சொந்தத் தூள்தானே, நிறம் ஒத்துப்போகும் என்று நம்பினேன். ஆனால் பசை ஒவ்வொரு துகளையும் மூடிவிடும். காய்ந்த பசைக்குள் ஸ்டெயின் இறங்காது. காசு மிச்சம், பிடிப்பும் நன்றாக இருக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்க இடுக்குக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகுக் குச்சிக்கு எந்தச் சிரமமும் இல்லை. பாலிஷ் முடிந்த பிறகு, நிறம் பார்த்து இரண்டு குச்சியைக் கலந்து அழுத்தினால் போதும். கதவுச் சட்டத்துக்கும் அலமாரிப் பக்கவாட்டுக்கும் பொருந்தும். மேசைப் பலகைக்கு வேண்டாம்: சூடான டம்ளர் வைத்தால் இளகும், மேலே இன்னொரு கோட் அடித்தாலும் ஒட்டாது.

மிஞ்சுவது ரெடிமேட் மரப்பட்டி, அதாவது ஓட்டை அடைக்கக் கடையில் கிடைக்கும் விழுது (wood putty). மேசைக்கு நான் கைகாட்டுவது இதைத்தான், ஆனால் வழக்கமான வரிசையில் அல்ல. ‘தேக்கு நிறம்’ என்று டப்பாவில் இருப்பது ஸ்டெயின் ஏறாத தேக்கின் நிறம். முதலில் அதை அடைத்து மேலே ஸ்டெயின் அடித்தால், மரம் குடிக்கிற அளவுக்குப் பட்டி குடிக்காது. அதனால் முதலில் ஸ்டெயின், காய்ந்ததும் ஒரு கோட் சீலர் (மரத்தின் நுண்துளைகளை மூடும் பூச்சு), அதன் பிறகு பட்டி. எந்த நிறத்துக்குச் சேர வேண்டும் என்பது அப்போது கண்முன்னே இருக்கும். தண்ணீரில் குழையும் பட்டி என்றால் காவிப்பொடியும் துளி கருப்புப் பொடியும் கலந்து நிறத்தைப் பிடிக்கலாம். கத்திமுனையால் ஓட்டைக்குள் மட்டும் அடைத்து, வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். சீலர் இருப்பதால் சுற்றியுள்ள மரத்தில் கறை பிடிக்காது. காய்ந்த பட்டி வெளுத்துத் தெரியும், பாலிஷ் பட்டதும் கருக்கும். ஒரு துண்டு மரத்தில் பாலிஷ்வரை அடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். டியூப் லைட்டை நம்ப வேண்டாம்.

நிறம் சேர்ந்தாலும் மரத்தின் வரி அந்த இடத்தில் அறுந்திருக்கும். கண் அங்கேதான் முதலில் போகும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் கருப்பும் காவியும் தொட்டு, மெல்லிய பூஜ்ஜியம் நம்பர் பிரஷால் இந்தப் பக்கத்து வரியை அந்தப் பக்கத்து வரியோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். கோடு கொஞ்சம் நடுங்கினால் நல்லதுதான், மரத்தின் வரியும் நேர்கோடு அல்லவே.

பழைய அடைப்புகளைத் தோண்டிவிட்டு இப்படியே செய்தேன். நான்கு இடங்களை இப்போது நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாவது, வைரம் பாயாத வெள்ளைப் பகுதியில் இருக்கிறது. அங்கே மரமே வெளிறியிருப்பதால், பழுப்புப் பொடி கலந்த மெல்லிய அரக்கை அந்த வெள்ளைப் பகுதி முழுவதும் இன்னும் இரண்டு கை ஓட்ட வேண்டும்.