பிடித்துக் கொண்டுபோய் விடுவதா, வளர்த்து விடுவதா: கலிபோர்னியக் கடல் நீர்நாய்களுக்கான இரு வழிகள்

தோலுக்கடியில் கொழுப்பில்லாத கடல் நீர்நாயைக் குளிரிலிருந்து காப்பது அதன் அடர்ந்த மயிர்தான். அந்த மயிருக்காகவே அது வேட்டையாடப்பட்டது. கலிபோர்னியாவில் அடியோடு அழிந்ததாகக் கருதப்பட்ட இவ்விலங்கு, 1938இல் பிக் சர் கடற்கரையில் ஏறத்தாழ ஐம்பது உயிர்களாகத் தென்பட்டது. இன்று அவற்றின் வழித்தோன்றல்கள் சுமார் 3,000 இருந்தாலும், வாழிடம் விரியவில்லை. அதன் இரு ஓரங்களிலும் வெள்ளைச் சுறாவின் கடி அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. ஒரே கரையில் அடைந்து கிடக்கும் கூட்டத்தை ஓர் எண்ணெய்க் கசிவே துடைத்துவிடக்கூடும் என்பதால், புதிய இடங்களில் குடியேற்றும் முயற்சிகள் தொடங்கின.

முதல் வழி, வளர்ந்தவற்றைப் பிடித்து வேறிடத்தில் விடுவது. 1987 முதல் 1990 வரை 140 நீர்நாய்கள் தென்கலிபோர்னியக் கடலிலுள்ள சான் நிக்கோலஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கெல்ப் எனும் பெரும் கடற்பாசிக் காடும், நீர்நாய்க்கு இரையான கடல் முள்ளெலிகளும் நிறைந்த தீவுதான். ஆனால் ஊர் நினைப்பு விடாத பல விலங்குகள் திறந்த கடலை நீந்திக் கடந்து, பிடிபட்ட இடத்துக்கே திரும்பின. சில இறந்தன, தங்கியவை மிகச் சிலவே. இதற்கிடையே, நீர்நாய்கள் தின்னும் அபலோன் சிப்பிகளையும் முள்ளெலிகளையும் பிடித்து விற்கும் மீனவர்களைச் சமாதானப்படுத்த, பாயிண்ட் கன்செப்ஷன் முனைக்குத் தெற்கே, அந்தத் தீவு நீங்கலாக, நீர்நாய்களே கூடாத மண்டலம் ஒன்று வகுக்கப்பட்டிருந்தது. கோடு கிழித்தால் நிற்கிற விலங்கா அது? 2012இல் அரசே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. தீவிலுள்ள எண்ணிக்கை நூறைத் தாண்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது வழி மான்டெரே பே மீன் காட்சியகத்தில் உருவானது. தாயை இழந்து மனிதர் கையில் வளர்ந்த குட்டிகள், கடலில் விட்ட பின்பும் மனிதரையே நாடின. 2001இல், தன் குட்டியை இழந்த தூலா என்ற பெண் நீர்நாயிடம் தாயற்ற குட்டி ஒன்றை விட்டபோது, அது தன் குட்டியாகவே ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து நண்டை உடைப்பதையும் மயிரைக் கோதுவதையும் வளர்ப்புத் தாய்களே கற்றுத்தருகின்றன. மனித உருவம் பழகிவிடாதிருக்க, ஊழியர்கள் கரிய அங்கியும் வெல்டிங் முகமூடியும் அணிந்தே குட்டியை நெருங்குகின்றனர். 2002 முதல் 2016 வரை எல்க்ஹார்ன் ஸ்லூ கழிமுகத்தில் இவ்வாறு 37 குட்டிகள் விடப்பட்டன. அக்காலத்தில் அங்கு ஏற்பட்ட பெருக்கத்தில் பாதிக்கு மேல் அவற்றாலும் அவற்றின் சந்ததிகளாலும் வந்தது. நீர்நாய்கள் நண்டுகளைத் தின்னத் தின்ன, நண்டுகளுக்கு இரையாகிவந்த, கடற்புல்லின் மேல் படியும் பாசியை மேயும் கடல் நத்தைகள் பெருகி, புல் மீண்டும் தழைத்தது.

எனினும், இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயமாகாது. கழிமுகம் அலையும் சுறாவும் அண்டாத இடம். அங்கு ஏற்கெனவே நீர்நாய்களும் இருந்தன. மேலும், இடமாற்றம் எங்கும் தோற்றதன்று: 1970களின் தொடக்கத்தில் ஆரிகனில் விடப்பட்ட தொண்ணூறுக்கும் மேற்பட்டவை மறைந்துபோயின, அதே காலத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விடப்பட்ட 89 பல்கிப் பெருகின. குட்டி வளர்ப்பின் குறை அதன் வேகம்: 15 ஆண்டுகளுக்கு 37 என்ற கணக்கில் நீண்ட கடற்கரை நிரம்பாது.

ஆகவே, ஆரிகன், வடகலிபோர்னியக் கரைகளில் மீண்டும் குடியேற்றுவது சாத்தியமா என்று 2022இல் அமெரிக்கக் கூட்டாட்சி வனவிலங்குத் துறை ஆராய்ந்ததை ஒட்டி, என் தேர்வு இதுவே: திறந்த கடலை விட்டுவிட்டுக் கழிமுகங்களில் தொடங்க வேண்டும், அதுவும், திரும்பிச்செல்ல ஊர் என்று ஒன்றில்லாத வளர்ப்புக் குட்டிகளை முதலில் விட வேண்டும்.