ஒரு எச்.பி. துடுப்புச் சக்கர ஏரேட்டர்: வாங்கலாமா, எவ்வளவு தாங்கும்?

தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்ற மீன்குட்டைக்கு முதலில் வாங்கும் இயந்திரம் பெரும்பாலும் இந்தத் துடுப்புச் சக்கர ஏரேட்டர்தான். ஒரு எச்.பி. மோட்டார், வேகத்தைக் குறைக்க ஒரு கியர் பாக்ஸ், ஷாஃப்ட்டின் இரு முனையிலும் பிளாஸ்டிக் துடுப்புச் சக்கரம், அடியில் மிதவைகள். எந்தக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டி வந்தாலும் உள்ளே அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இது ஒரு கம்பெனியைப் பற்றியதல்ல, இந்த ரகத்தைப் பற்றியது.

தண்ணீரைக் காற்றோடு கலப்பதில் இதற்கு நல்ல மார்க் போடலாம். ஆனால் "ஒரு ஏக்கருக்கு ஒன்று போதும், எத்தனை குஞ்சு வேண்டுமானாலும் விடுங்கள்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். கணக்கு அப்படி வரவில்லை.

விளம்பரத் தாளில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் என்று போட்டிருக்கும். அது சோதனைத் தொட்டியில், ஆக்சிஜனே இல்லாத சுத்தமான தண்ணீரில், 20 டிகிரிக்குக் கணக்கிட்ட அளவு. 30 டிகிரியில் இருக்கும் குட்டைத் தண்ணீரில், ஏற்கெனவே லிட்டருக்கு 3, 4 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும்போது, அதில் ஏறக்குறைய பாதிதான் ஏறும். ஒரு எச்.பி. என்பது முக்கால் கிலோவாட். அப்படிப் பார்த்தால் மணிக்குக் கிடைப்பது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. தாராளமாக ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் சுமார் 6,000 கன மீட்டர் தண்ணீர். அதில் ஒரு கிலோ ஆக்சிஜனைப் பரப்பினால் லிட்டருக்கு 0.17 மில்லிகிராம். எட்டு மணி நேரம் ஓட்டினாலும் 1.3 மில்லிகிராம்தான் வருகிறது. பாசி கூடிப் பச்சையான குட்டையில் மாலையில் 10 மில்லிகிராம் இருந்தது விடியற்காலை 2, 3 என்று இறங்குவது சாதாரணம். ஆயிரம் கிலோ மீன் மணிக்கு இழுப்பது ஏறத்தாழ 200 முதல் 400 கிராம். மிச்சத்தையெல்லாம் பாசியும் அடிச்சேறும் குடித்துவிடுகின்றன.

அப்புறம் எதற்கு இது? இயந்திரத்தைச் சுற்றி ஒரு பகுதியில் ஆக்சிஜன் நன்றாக இருக்கும். மீன்கள் அங்கே வந்து ஒதுங்கும். உண்மையில் உயிரைக் காப்பாற்றுவது அந்த ஒதுங்கிடம்தான். அதனால்தான் மீன் மேலே வந்து வாய் பிளந்த பிறகு சுவிட்சைப் போடுவதில் பயன் குறைவு. அந்நேரம் எதிர்க்கரை மூலையில் இருக்கும் மீனுக்கு நீந்தி வரத் தெம்பிருக்காது. ஆக்சிஜன் 4-க்கு இறங்கும்போதே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஆக்சிஜன் அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள் இரவு பத்து, பதினொன்றுக்குப் போட்டு, நன்றாக வெயில் ஏறிய பிறகு நிறுத்தலாம். மப்பு மந்தாரமாக இருந்த நாளிலும், பாசி திடீரெனச் செத்துத் தண்ணீர் பழுப்பாகும் நாளிலும் பகலிலும் ஓட வேண்டும். நல்ல வெயிலில் பிற்பகல் முழுக்க ஓட்டுவது நஷ்டம்: தண்ணீரில் அளவுக்கு மேல் இருக்கும் ஆக்சிஜனை அது வெளியே அடித்துவிடும். உச்சி வேளையில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டி மேல் தண்ணீரைக் கீழே கலக்கினால் அடிமட்டத்துக்கு நல்லது.

தீவனக் கணக்கில் பார்ப்பது இன்னும் எளிது. ஏரேட்டர் இல்லாத குட்டைக்கு ஏக்கருக்கு நாளுக்கு 12 முதல் 16 கிலோ தீவனம் வரைதான் பாதுகாப்பு. ஒரு எச்.பி. சேர்த்தால் அதன்மேல் சுமார் 10 கிலோ போடலாம். உடல் எடையில் இரண்டு சதவீதம் தீவனம் என்றால், கூடுதலாக அரை டன் மீன். இந்த இயந்திரம் தாங்குவது அவ்வளவுதான். எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரம் ஆகும்; அந்த அரை டன் வரவை இந்தச் செலவோடு வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. இரண்டு சக்கரத்தையும் ஒரே கோணத்தில் பூட்டக் கூடாது. ஒன்றின் இரண்டு துடுப்புகளுக்கு நடுவில் மற்றதன் துடுப்பு வர வேண்டும். இல்லாவிட்டால் இரு பக்கமும் ஒரே நொடியில் தண்ணீரில் அறைந்து, அந்த அதிர்வு நேரே கியர் பாக்ஸுக்குப் போகும். துடுப்பு முனை மூன்றரை, நான்கு அங்குலம் அமிழ்ந்தால் போதும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள்: பெயர்ப்பலகையில் போட்டிருப்பதைத் தாண்டினால் ஆழம் கூடியிருக்கிறது என்று அர்த்தம், சில சமயம் மிதவைக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். மூன்று பேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இடம்: குறைந்தது ஒரு மீட்டர் ஆழம், கரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி. கரையோரம் கட்டினால் மண் அரித்துத் தண்ணீர் கலங்கும், பாசி வளராது. நீரோட்டம் குட்டையின் நீளவாக்கில் போகட்டும்.

பழுதுக்கு வருவோம். கியர் பாக்ஸ் 1:14 அல்லது 1:16 விகிதத்தில் மோட்டாரின் 1,440 சுற்றை நூறுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. அது கெடுவது பெரும்பாலும் பல் தேய்ந்தல்ல, எண்ணெயில் தண்ணீர் கலந்து. அதற்கு மூலகாரணம் ஷாஃப்ட் கடைசியில் உட்காரும் பிளாஸ்டிக் புஷ். புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும். ஆடினால் ஆயில் சீல் ஒரு பக்கம் அறுபடும். சீல் போனால் தண்ணீர் உள்ளே. வடிகட்டிப் பார்த்தால் எண்ணெய் மோர் நிறத்தில் இருக்கும். சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்து, ஆட்டம் தெரிந்தவுடன் புஷ்ஷை மாற்றினால் கியர் பாக்ஸ் தப்பிக்கும். புஷ்ஷுக்குக் கிரீஸ் பூச வேண்டாம். தண்ணீரே அதற்கு எண்ணெய். கிரீஸ் மணலை ஒட்டவைத்து உப்புத்தாள் போல ஷாஃப்ட்டைத் தேய்த்துவிடும். புது கியர் பாக்ஸில் முதல் எண்ணெயை ஒரு மாதத்தில் மாற்றிவிடுவது நல்லது, அதில் உலோகப் பொடி வரும்.

கிராமப்புறத்தில் மோட்டார் எரிவதற்கு இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று பேஸில் ஒன்று போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் காயில் கருகும். ஒரு பேஸ் போனவுடன் மோட்டாரை நிறுத்தும் ரிலேயும் ஓவர்லோடு ரிலேயும் உள்ள ஸ்டார்ட்டர் கட்டாயம். சிங்கிள் பேஸ் மோட்டாரில் வில்லன் கேபிள். சுமார் 6 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை 100 மீட்டர் தள்ளி 1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் ஓட்டினால் 15 வோல்ட் விழும். கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு கரண்ட், 75 வோல்ட் போய்விடும். மோட்டார் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகும். கடைக்காரர் கெபாசிட்டரை மாற்றிக் கொடுப்பார், மறுபடியும் அதே முனகல். 4 சதுர மி.மீ. கேபிள் போட்டால் தீரும். ஜெனரேட்டர் வாங்கும்போதும் ஓடும் சுமையைப் பார்க்காமல் கிளம்பும் கரண்டைப் பார்த்தே அளவு முடிவு செய்ய வேண்டும். ஏரேட்டரை நம்பி மீன் கூட்டிய குட்டையில் இரவு மின்வெட்டு என்றால் கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. மாற்று வழி இல்லாதவர் மீனைக் கூட்டக் கூடாது.

தண்ணீருக்குள் கேபிள் இணைப்பு கூடவே கூடாது. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் லீக்கேஜ் பிரேக்கர் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். துடுப்பில் சிக்கிய வேரை எடுக்க இறங்குமுன் மெயினை நிறுத்திவிடுங்கள்.

யாருக்கு இது வேண்டாம்? இரண்டு மீட்டருக்கு மேல் ஆழமான குட்டைக்கு அடிவரை கலக்கும் சக்தி இதற்கு இல்லை. அங்கே காற்றைக் கீழே செலுத்தும் ரகம் பொருந்தும். நாற்றங்கால் தொட்டியில் நுண்குஞ்சுகளை அலை அடித்துப்போடும், புளோயரும் காற்றுக் கல்லும் போதும். விரால், வெளிக்காற்றைச் சுவாசிக்கும் கெளுத்தி வகை மட்டும் வளர்ப்பவர் இதற்குச் செலவழிக்க அவசரப்பட வேண்டாம். கெண்டை, திலேப்பியா வளர்த்து, தினத் தீவனம் ஏக்கருக்கு 16 கிலோவைத் தாண்டப் போகிறவர் தயங்காமல் வாங்கலாம். வாங்கும் அன்றே இரண்டு புஷ், இரண்டு ஆயில் சீல், ஒரு செட் துடுப்பு போல்ட் சேர்த்து வாங்குங்கள். சிங்கிள் பேஸ் என்றால் ஒரு கெபாசிட்டரும். உதிரிப் பாகம் தனியாகத் தர மறுத்து, "முழு கியர் பாக்ஸாகத்தான் வரும்" என்று சொல்லும் கடையில் இயந்திரத்தையும் வாங்க வேண்டாம்.